தொய்வு

திரையில் இரண்டு பரப்புகளைத் தொடுகிறேன்.
ஒன்று நீலமாகிறது, மற்றது ஆரஞ்சு.
இடையே ஒரு கோடு விழுந்து
எண் மிதக்கிறது: 6.20.

தகட்டு மூடி என்னுடையது.
அதன் பின்னால் ஓடும் ரப்பர் குழாய்
பெஞாத்தினுடையது.
எல்கோய்பாரில் மூன்று நாளாக மழை.
மழை என்றும் சொல்ல முடியாது,
தேபா ஆற்றின் மேல் ஈரம் நின்றுகொண்டே இருக்கிறது.

மையத்திலிருந்து மையம் வரை கேட்டால் ஓர் எண் சொல்லும்.
விளிம்புக்கு விளிம்பு கேட்டால் வேறு.
எந்த இடத்தில் மிக நெருங்குகிறீர்கள் என்று கேட்டால்தான்
கொஞ்சம் உண்மை பேசும்.
கேள்வியைத் தேர்ந்தெடுக்கத்தான் எனக்குச் சம்பளம்.
கழித்தல் அதற்கே தெரியும்.

கீழ்த்தளத்திலிருந்து கொல்டோ படம் அனுப்புகிறான்:
குழாயின் வயிறு தேய்ந்து
கம்பிப் பின்னல் பல்லிளிக்கிறது.
மூடியின் உட்புறம் பிறை போல் கறுப்புத் தடம்.
"உங்க ஆறு மில்லிமீட்டர் எங்கே போச்சு?"

மறுபடி அளக்கிறேன். 6.20.
இயந்திரத்தின் தலையைக் கடைசி எல்லைவரை ஓட்டி அளக்கிறேன். 6.20.
மோதல் சோதனையும் ஒன்றுமில்லை என்கிறது,
ஜன்னலை மூடிவிட்டுப் போகும் குமாஸ்தா மாதிரி.

என் நாற்காலிக்கும் பெஞாத் நாற்காலிக்கும்
நடுவில் ஒன்றே கால் மீட்டர்.
சம்பளத்தைக் குறைக்கலாமா என்று
எங்கள் கூட்டுறவில் வாக்கெடுத்த
நவம்பருக்குப் பிறகு
கோப்புகள் வழியாகத்தான் பேச்சு.
நான் கை தூக்கினேன். அவன் தூக்கவில்லை.
அவனுக்கு அப்போதுதான் இரட்டைக் குழந்தைகள்.

அவன் கோப்பைத் திறக்கிறேன்.
இரண்டு இணைப்பிகளுக்கு நடுவே
நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்கோடு.
எடை இல்லை, உள்ளே எண்ணெய் இல்லை,
பூமி தன்னை இழுக்கும் என்று
யாருமே சொல்லித்தராத குழாய்.
வரைந்ததைத்தானே அளக்க முடியும்.

குறை உன்னுடையது என்று எழுதலாம்.
எழுதினேன், இரண்டு வரி. அழித்தேன்.
அந்த நேர்கோட்டைப் பார்த்த பிறகும்
6.20-ஐ நம்பிக் கையெழுத்திட்டவள் நான்.

"பெஞாத், உன் குழாய் தொங்குது"
என்றேன், திரையைப் பார்த்தபடியே.
நாற்காலிச் சக்கரம் உருண்டது.
எழுந்து போய்விட்டான்.

பத்து நிமிடம்.
தோளில் எண்ணெய் நாறும் அசல் குழாயோடு வந்து
ஒரு முனையை என்னிடம் நீட்டினான்.
"தொள்ளாயிரத்து நாற்பது. இன்னும் பக்கத்துல வா, எனெரிட்ஸ்."
என் பெயரை அவன் வாயால் கேட்டு
எத்தனை மாதம் என்று எண்ணவில்லை.

நான் ஒரு முனை, அவன் மறுமுனை.
நடுவில் அது தன் இஷ்டத்துக்கு
வயிறு தள்ளி ஆடி நின்றது.
அளவுகோல் மேசைமேல் கிடந்தது.
எங்கள் நாலு கையும் நிறைந்திருந்தன.
யாரையாவது கூப்பிடணும் என்றான்.
ஆமாம் என்றேன்.
கொஞ்ச நேரம் இருவரும் கூப்பிடவில்லை.

கொல்டோதான் ஏறி வந்தான்,
ஒரு கண்ணை மூடி அளந்தான்: பதினொன்று.

"மூடியை அஞ்சு வெளியே தள்றேன்" என்றேன்.
"நான் மூணு தூக்கிக் கட்டறேன்" என்றான் பெஞாத்.

மாலையில் திரை 3.20 என்றது.
முழுசாக நம்பவில்லை.
அவனும் நம்பவில்லை என்பது
அவன் நாற்காலியை என் பக்கம் உருட்டிவந்து
இன்னொரு முறை அளக்கச் சொன்னபோது தெரிந்தது.
என் சட்டைக் கையில் எண்ணெய்க் கறை.
அவன் சட்டையிலும், இடப்பக்கம்.