எழுதியாச்சு

ராணிப்பேட்டை சிப்காட், இரண்டாவது மாடி.
இரவு பதினொன்றே கால்.
பக்கத்துத் தோல் ஷாப்பின் கழிவுத்தொட்டி
மாடிப்படி ஏறி வந்து என் மூக்கருகே நிற்கிறது.
அதன் மோட்டாருக்குத்தான்
நான் நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்தேழு எரர்.
மத்தியானம் வரை ஒன்றுமில்லை.
ஒரே ஒரு இன்க்ளூட் சேர்த்தேன்,
அளவுமானி டாட் ஹெச்.

பம்ப் என்ற ஸ்ட்ரக்டை
மறுபடி வரையறுத்துவிட்டேனாம்.
முன்னால் எங்கே வரையறுத்தேன் என்று பார்த்தால்
அதே கோப்பு, அதே ஒன்பதாவது வரி.
ஒன்பதாவது வரி
ஒன்பதாவது வரியோடு சண்டை போடுகிறது.

வால்வு தன்னோடு பம்பை அழைத்து வருகிறது.
அளவுமானியும் அழைத்து வருகிறது.
எங்கள் சிகாமணி மாமா மாதிரி:
அப்பா வழியிலும் சொந்தம், அம்மா வழியிலும் சொந்தம்.
போன தையில், குடியாத்தம் மண்டபத்தில்,
தங்கச்சி கல்யாணத்து மொய் மேசையில் நான்.
இரண்டு பக்கத்திலும் அவரை எழுதிவைத்து
கணக்கு உதைத்து
விடியும்வரை சில்லறை எண்ணினோம்.

அதற்குத்தான் இஃப் என் டெஃப்.
இந்தப் பெயர் இன்னும் வராவிட்டால் மட்டும் உள்ளே விடு,
விட்டதும் வந்ததாகக் குறித்துக்கொள்.
பம்பின் தலையில் எழுதினேன்.
அதையே காப்பி அடித்து
வால்வு, தொட்டி, அளவுமானி தலையிலும் ஒட்டினேன்.

அறுபத்திரண்டு எரர்.

தொட்டியா, தெரியாது.
அளவுமானியா, யார் அது?
பம்பையே தெரியாதாம்.

ஒட்டினேனே தவிர பெயரை மாற்றவில்லை.
நாலு நெற்றியிலும் பம்ப் என்றே இருக்கிறது.
பம்பின் பெயரைச் சொல்லி வால்வு நுழைந்துவிட்டது.
பின்னால் வந்த பம்பை வாசலில் நிறுத்தி
'நீங்கதான் வந்துட்டீங்களே' என்கிறது கம்பைலர்.

கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

பேரணாம்பட்டு தனகோட்டி
ஐந்நூற்றொன்றை நீட்டியபோது
நோட்டைப் பார்த்து, நிமிராமல்,
'எழுதியாச்சுண்ணா' என்றேன்.
எழுதியிருந்தது பள்ளிகொண்டா தனகோட்டி.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பணத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
பந்தியில் உட்காராமலே பஸ் ஏறினார் என்று
மறுவாரம் யாரோ சொன்னார்கள்.

நாலுக்கும் நாலு பெயர் வைத்தேன்.
லிங்கர் மட்டும் முனகியது,
வேகம் என்ற மாறியை மூன்று கோப்பில் பெற்றிருக்கிறாயே என்று.
ஹெடரில் எக்ஸ்டர்ன் போட்டு
பெற்றது ஓரிடத்தில்தான் என்று எழுதிக்கொடுத்தேன்.
பன்னிரண்டு நாற்பதுக்கு பில்டு முடிந்தது.
எரர் பூஜ்யம்.
வார்னிங் ஒன்று, அது காலையில்.

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியில்
பேரணாம்பட்டுக்காரர் வீட்டில் காதுகுத்து.
பத்திரிகை வரவில்லை.
போகிறேன்.
ஐந்நூற்றொன்று கொடுத்து
ஊர், அப்பா பெயர், தெருப்பெயர்
எல்லாம் சேர்த்து எழுதச் சொல்லவேண்டும்,
எழுதுபவர் நிமிர்ந்து பார்க்கும்வரை.