முற்றும்மை

வெள்ளிக்கிழமை வேதபாடம், ஆலயத்துப் பின்கூடம்.
மேசையில் கரிபாப், ஆறிப்போன தே ஓ.
இன்று இரண்டு சொற்களுக்குள் சண்டை.
நித்தியம் என்றொரு சொல்,
எல்லாரும் என்றொரு சொல்.
இரண்டையும் சொன்னது ஒரே புத்தகம்.

கெசியாதான் தொடங்கினாள்;
மருந்தகத்தில் வேலை, அளவு பார்த்தே பழகியவள்.
எழுபது வருடத் தப்புக்கு
முடிவே இல்லாத தண்டனை
எந்தத் தராசில் சரி, என்றாள்.

ஞானாபரணம் அங்கிள் தொண்டையைச் செருமினார்.
டத்தோ கிராமாட் ஈய ஆலையில்
முப்பத்தோராண்டு உலைமுன் நின்றவர்;
முன்கையில் ரோமம் இன்னும் முளைக்கவில்லை.
"நாங்கள் கசடை வழித்து வழித்து வெளியே கொட்டினோம்.
அதன்மேல் ரோடு போட்டார்கள், வீடு கட்டினார்கள்.
எண்பதாம் ஆண்டு வாக்கில் எவனோ சொன்னான்,
கசடுக்குள் வேறோர் உலோகம், ஈயத்தைவிட விலை என்று.
ராவோடு ராவாய் ஊரே கடப்பாரையோடு இறங்கியது.
என் வீட்டு வாசலையே நான் பெயர்த்தேன்.
எறிந்த நாங்களே தோண்டினோம்.
அவர் எறிந்துவிட்டுச் சும்மா இருப்பாரா?"

உபதேசியார் ஸ்தேவான் குணசேகரன்
வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தார்.
"என் அப்பா தண்ணீர்மலைக்கு வருடாவருடம் காவடி எடுத்தவர்.
ஞானஸ்நானம் என்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்,
அப்படியே போய்ச் சேர்ந்தார்.
அவர் எரிகிறார் என்று நம்பித்தான்
துறைமுக வேலையை விட்டேன்.
அந்தச் சூட்டில்தான் முப்பது வருடம்
அடுக்குமாடிப் படியெல்லாம் ஏறினேன்.
இப்போது எரியவில்லை என்கிறீர்கள்.
சந்தோஷப்படத்தான் வேண்டும்."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
தமிழ்ப்பள்ளி ஆசிரியை;
சொல்லுக்கு வழக்கு வந்தால் என்னிடம் வரும்.
சொன்னேன்:
எல்லாரும் என்பதில் நிற்பது முற்றும்மை.
மிச்சம் வைக்காத உம்.
ஒரே ஒருவரை வாசலில் நிறுத்தினாலும்
அந்த உம் பொய்.
கெசியா கைதட்டினாள்.
மதிப்பெண் வாங்கிய பிள்ளைபோல் உட்கார்ந்தேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று.
இலக்கணத்தில் இன்னோர் உம் உண்டு, எச்சவும்மை.
அவனும் என்பதில் வருவது.
ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களோடு
ஒருவனை நெருக்கி உட்காரவைப்பது.

அவன்.
ஆறு வருடத்துக்கு முன், கூலிம் போகும் சாலை,
மழை விட்ட சாயங்காலம்.
லோரி நிற்கவில்லை.
பார்த்த ஒரே ஆள்
எண்பலகையில் பி என்ற எழுத்தைத்தான் பார்த்தார்.
பினாங்கில் எந்த வண்டிக்குத்தான் பி இல்லை?
தீத்துவுக்குப் பத்தொன்பது.
போலீஸ் கோப்பை மூடியது.
பெயர் தெரியாததால் சுட்டுப்பெயரையே சபித்துவந்தேன்,
தினமும், படுக்கும் முன்,
சங்கீதம் வாசித்த அதே வாயால்.
எனக்கு ஒரு நரகம் வேண்டியிருந்தது.
பெரிதாக வேண்டாம், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு.
இன்று அதையும் நானே இடித்துவிட்டு வருகிறேன்,
ஓர் இலக்கணக் குறிப்பால்.

பெர்ரியில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாய்.
பின்பலகை எல்லாம் பி, பி, பி.
பக்கத்தில் ஒருவர், ஐம்பது இருக்கும்,
தன் வண்டியைச் சற்று நகர்த்தி
என் ஹேண்டலுக்கு இடம் விட்டார்.
இவரா?
ஆறு வருடமாய் ஆண்களை இப்படித்தான் பார்க்கிறேன்.
என் அகராதியில்
எல்லாரும் அவன்.

பட்டர்வொர்த் விளக்குகள் நெருங்கின.
ஆண்டவரே, அவனும் வரட்டும் என்று சொல்ல
நா எழவில்லை.
இவ்வளவுதான் முடிகிறது:
வந்தால், வாசலில் தீத்து நிற்பான்.
அவனிடம் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போகட்டும்.
அடையாள அட்டையில் இருக்கிறபடி,
முழுப்பெயர்.