தவளையின் விலை

மூன்று ஊறுகாய்ப் போத்தல்களைக் கழுவித் துடைத்து
செலவு, சேமிப்பு, பிறருக்கு என்று ஒட்டிவைத்தேன்.
ஆரணன் மூன்றையும் முகர்ந்து பார்த்தான்.
"சேமிப்பிலைதான் இன்னும் தேசிக்காய் மணக்குது."
அன்று பின்னேரமே
செலவுப் போத்தலைக் கவிழ்த்துக்கொண்டு போய்
இருட்டில் மினுங்கும் பசைக்களி ஒன்று வாங்கிவந்தான்.
படுக்கப் போகுமுன் அது கம்பளத்தில் ஒட்டிச் செத்தது.

என்னிடம் ஒரு பேச்சு தயாராக இருந்தது.
காசு மரத்தில் காய்ப்பதில்லை என்று தொடங்கும்.
வாயைத் திறந்தேன்.
வாய்க்குள் ஒரு தவளை.

தொண்ணூற்றாறு. ஸ்காபரோ. தை மாதம்.
எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் லோண்ட்ரியில்
சவர்க்காரம் விற்கும் பெட்டிக்குப் பக்கத்தில்
ஒரு கண்ணாடிக் கூடு, உள்ளே பொம்மைகள்,
மேலே தொங்கும் மூன்று விரல் இரும்புக் கை.
என் கையில் ஆறு குற்றிகள்.
மான் தலை போட்ட கால் டொலர்க் குற்றிகள்,
உடுப்புக் காயவைக்க.

ஒன்று போட்டேன். கை இறங்கி, தடவி, சும்மா ஏறியது.
இரண்டாவது, முதலாவதை மீட்கப் போனது.
மூன்றாவது, இரண்டையும்.
கடனில் மூழ்குகிறவர்கள் இப்படித்தான் இறங்குகிறார்கள் என்று
வங்கியில் அடைமான மேசைக்குப் பின்னால் இருக்கிற எனக்கு
இப்போது தெரியும்.
ஒன்பது வயதில் தெரியாது.
ஆறாவதுக்கு விழுந்தது
ஒற்றைக் கண் தவளை.

ஈரக் கூடையை இடுப்பில் ஏந்தி வந்தேன்.
லிஃப்டிலிருந்து வாசல்வரை
சொட்டுச் சொட்டாய் என் பின்னால் வந்தது தண்ணீர்.
"மெஷின் காசை விழுங்கிட்டுது அப்பா."
அப்பா நம்பினார்.
அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

வேலைச் சட்டையை அயன் பண்ணினார்.
ஆவி எழும்பியது. கொலர் காய்ந்தது, கைகள் காயவில்லை.
அதன்மேல் ஜக்கெட்டைக் கொழுவிக்கொண்டு
இரவு பஸ்ஸுக்கு நடந்தார்.
வெளியே சுழியத்துக்குக் கீழே பத்தொன்பது.
மறுநாள் கட்டடச் சுப்பரிடம் போய்
அகராதி பார்த்து எழுதிய துண்டைக் காட்டி
ஒன்றரை டொலரைத் திருப்பி வாங்கிவந்து
என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.
"இந்தா, உன்ரை காசு."
அன்றிரவே அதை அவர் ஜக்கெட் பையில் போட்டுவிட்டேன்.
தவளையை ஹீற்றருக்குப் பின்னால் ஒளித்தேன்.
ஒரு கிழமையில் மற்றக் கண்ணும் உருகிப் போயிற்று.

இருபத்தெட்டு வருடம் கழித்து,
போன ஞாயிறு, எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.
இடியப்பம் பிய்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை.
"ஈரச்சட்டையோ? ஞாபகமில்லை.
அந்தக் கூடு ஞாபகம்.
சம்பள வெள்ளிக்கு வெள்ளி ரெண்டு குற்றி போடுவன்,
உனக்கொண்டு எடுப்பமெண்டு.
ஒரு வருசம், இருபத்தாறு தரம்.
ஒண்டும் அம்பிடேல்லை."

குசினிக்குள்ளிருந்து அம்மா:
"அப்ப சில்லறை அங்கையே போனது!
நான் கைப்பை ஓட்டையெண்டு
தைச்சுத் தைச்செல்லோ வைச்சனான்!"

ஆரணன் மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.
அம்மப்பா பதின்மூன்று. அம்மா ஒன்றரை.
சுப்பர் தந்தது கழித்தால்
தவளை பதின்மூன்று டொலர்.
"உங்கடை பங்கு பூச்சியம் அம்மா.
பிறகேன் அழுறீங்கள்?"

ஈரச்சட்டையை எந்தப் போத்தலில் போடுறது என்று கேட்டேன்.
பென்சிலின் அடியைக் கடித்தபடி யோசித்தான்.
"அது எவ்வளவு?"

அப்பா இன்னும் இரண்டு இடியப்பம் கேட்டார்.