வாசற் கடமை

பதினொரு வருசம் நான் ஒரு வாசலில் நின்றவன்.
கப்பலின் ஐந்தாம் தட்டு, பெரிய சாப்பாட்டு மண்டபம்,
இரட்டைக் கதவு, பித்தளைக் கைபிடி.
வருகிறவரின் கழுத்தைப் பார்ப்பதுதான் வேலை:
டை இருக்கிறதா.
பிறகு கால்: சப்பாத்தா, பாட்டாவா.
முகம் பார்க்க எனக்குச் சம்பளம் இல்லை.

ஒரு பயணத்துக்கு அப்படி மூன்று இரவு.
நீளப் பாவாடையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு
படியிறங்கும் பெண்கள்.
கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப்
பூச்சி உருண்டை மணத்தோடு போட்டு வந்து
மூச்சுவிடப் பயந்து நிற்கும் ஆண்கள்,
தெறித்துவிடுமாம் பொத்தான்.

பிறகு அது இரண்டு இரவாயிற்று.
பிறகு ஒன்று. அதற்கும் பெயரை மாற்றினார்கள்.
கடைசியில் அறைக்கதவில் செருகும் அட்டையில்
‘விரும்பினால்’ என்றொரு சொல் ஏறியது.
அந்தச் சொல் என் வேலையின் பாதியைத் தின்றது.

கட்டைக் கழிசானோடு இறால் உரித்த ஒருவரை
அடுத்த மேசைக் கிழவி பார்த்தபடியே இருந்தாள்.
அவளுடைய உடுப்புக்கென்றே தனிப்பெட்டி வந்திருந்தது,
எனக்குத் தெரியும், தூக்கியவன் சொன்னான்.
“நாற்பது வருசம் வங்கியில் கழுத்துப்பட்டி கட்டினேன்,
இது என் லீவு” என்றார் அவர், யாரும் கேட்காமலே.
அவள் அழுதாள். அவர் இன்னொரு தட்டு இறால் கேட்டார்.
இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது.
நான் கதவைச் சாத்தினேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.
மூன்று இரவுக் காலத்தில் ஒருநாள்
குலவீரசிங்கம் என்றொருவர் வந்தார்.
பட்டு வேட்டி, சால்வை, மூன்று குறி திருநீறு.
மனைவி கூறைச்சேலையில்; அவளுக்குத் தடையில்லை.
மேலாளர் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:
“உன் ஊர்க்காரர் போல. இது விசேசத்துக்கு உடுப்பதா,
வீட்டில் கிடக்கும்போது உடுப்பதா?”

எனக்குத் தெரியும்.
என் அப்பா கலியாணத்துக்கு உடுத்தது,
அக்காவைத் தாரை வார்த்தபோது உடுத்தது.
“தெரியாது சேர்” என்றேன்.

அவர் என் நெஞ்சிலிருந்த பெயர்த் தகட்டை
எழுத்தெழுத்தாக வாசித்தார். தவயோகன்.
“தம்பி எவடம்?”
“கொழும்பு.”

அன்றிரவு பதினோராம் தட்டில்,
விளக்குக்குக் கீழே சூடு காட்டிய பீட்சாவை
சால்வையில் படாமல் குனிந்து தின்றார்.
மனைவி பக்கத்தில் நின்றாள், இருக்கவில்லை.

இப்போது எனக்குக் கே.கே.எஸ். வீதியில் கடை.
கோட்டுச் சூட்டு வாடகைக்கு.
ஆவணியில் முகூர்த்தம் நெருங்கினால்
மாப்பிள்ளைமார் வரிசையில் நிற்பார்கள்;
காலையில் வேட்டி, பின்னேரம் கோட்டு,
வேர்வை இரண்டுக்கும் பொது.
கழுத்தை நான் அளப்பேன், பார்ப்பதில்லை.

போன மாதம் காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் வந்தது.
பஸ்ஸில் ஏற்றி நல்லூருக்குக் கொண்டுவந்தார்கள்.
எல்லாரும் கட்டைக் கழிசான், எல்லாரும் பாட்டா.
வாசலில் ஒரு பெடியன், தொண்டர் பட்டி கட்டியவன்,
“சேட்டைக் கழட்டுங்கோ” என்றான்.
வெயிலில் சிவந்த ஒரு பெரிய மனுசன்
இதுவரை எந்த வாசலும் தன்னிடம்
கழட்டச் சொன்னதில்லை என்பதுபோல
வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றான்.
பிறகு கழட்டினான். இரவல் வேட்டி சுற்றினான்.
உள்ளே போனான், கூச்சமும் சிரிப்புமாக.

பின்னால் நான். நானும் கழட்டினேன்.
மேளச் சத்தத்தில் பெடியன் ஏதோ கேட்டான்,
“எவடம் அண்ணை” மட்டும் காதில் விழுந்தது.
“கொக்குவில்!” என்று கத்தினேன்,
நாலு பேர் திரும்பிப் பார்க்க.

செருப்பை எவடம் விட்டனீங்கள் எண்டு
கேட்டிருக்கிறான் பாவம்.