தெரியாதவை நோட்டு

ஜூனில் போட்ட அட்டவணையில் ஐந்து நிறங்கள்.
இயற்பியலுக்கு நீலம், வேதியியலுக்குப் பச்சை,
கணக்குக்குச் சிவப்பு, தமிழுக்கு ஊதா.
ஆங்கிலம் வருவதற்குள் ஸ்கெட்ச் காய்ந்துபோய்
வெறும் பென்சில்.
சோற்றுப் பருக்கையால் பீரோவில் ஒட்டினேன்.
காலை நாலரை என்று எழுதியிருந்ததை
நம்பியவன் தம்பி மட்டும்.

முதல் நாள் நாலரைக்கு எழுந்தேன்.
இரண்டாம் நாள் ஐந்தேகால்.
மூன்றாம் நாள்
அம்மா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடும் சத்தத்தில்.
நான்காம் நாள் அட்டவணையின் மூலையைப்
பருக்கை ருசி தேடி
எறும்புகள் படிக்கத் தொடங்கியிருந்தன.

அவனியாபுரத்தில் எங்கள் வீடு
விமானங்கள் சக்கரம் இறக்கும் வழியில்.
ராத்திரி எட்டரைக்கு ஒன்று
தகரத்தை உரசுவதுபோல் போகும்.
அதுவரை கணக்கு, பிறகு சாப்பாடு என்று வைத்துக்கொண்டேன்.
விமானம் தாமதமான அன்று
பசியோடு இரண்டு கணக்கு கூடுதல்.
சென்னையில் மழையாம்.

வீட்டுக்கு ஒரே போன்.
அது அப்பாவோடு ஷேர் ஆட்டோவில்
பெரியாருக்கும் வில்லாபுரத்துக்கும் நாளெல்லாம் அலையும்.
பத்தரைக்குத் திரும்பும்போது
பதினோரு சதவீதம் உயிர்.
டீச்சர் அனுப்பிய குறிப்பை அதற்குள் எழுதிவிட வேண்டும்.
ஒன்பது. ஐந்து. இரண்டு.
திரை கறுத்ததும் அதில் என் முகம்,
பேனாவைக் கடித்தபடி.
அப்படித்தான் வேகமாய் எழுதப் பழகினேன்.
திறமை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

காலாண்டில் வேதியியல், எழுபதுக்கு இருபத்தொன்பது.
அந்த வாரம் முழுக்கத்
தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.
தெரிந்த தெருவில் நடப்பது சுகம்,
நாய்கூடக் குரைக்காது.

பக்கத்து பெஞ்சு சம்சாத்துதான் கேட்டாள்:
"உனக்கு எது தெரியாதுன்னாவது
உனக்குத் தெரியுமா?"
கோபம் வந்தது.
பதில் வரவில்லை.

பாதி எழுதிய பழைய நோட்டின் மீதியில்
'தெரியாதவை' என்று தலைப்பிட்டேன்.
ராத்திரி புத்தகத்தை மூடிவிட்டு
நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது.
பேனா எங்கே நிற்கிறதோ
அந்த இடம் நோட்டுக்குப் போகும்.
காந்தப்புலம் ஏன் அந்தப் பக்கம் திரும்புகிறது.
பென்சீன் வளையத்தில்
யார் யாரை எங்கே உட்காரச் சொல்கிறார்கள்.
குற்றியலுகரம், மூன்றாம் முறையாகக் குற்றுயிராய்.
புரிந்ததும் ஒரு கோடு.
கோடு அடிக்கிற ஆசைக்காகவே படித்த நாட்களும் உண்டு.

தீபாவளி கழிந்து ஒரு நாள்
நோட்டில் வேறொரு கையெழுத்து:
"அக்கா எப்ப விலையாட வரும்?"
ளகரம் தெரியாதது அவனுக்குத் தெரியாது.
இன்னும் கீழே, அப்பா:
"கோயமுத்தூர் காலேஜுக்கு பீஸ் எவ்வளவு ஆகும்"
கேள்விக்குறி போடவில்லை அவர்.
நானும் கோடு போடவில்லை.

தையில் வாடிவாசலுக்காகத் தெருவை அடைத்தார்கள்.
மைக் சத்தத்தில் சூத்திரமெல்லாம் சிதறியது.
மொட்டை மாடிக்குப் போய் இரண்டு மணி நேரம் பார்த்தேன்.
அதில் எனக்குப் பாடம் எதுவும் இல்லை,
அந்த மயிலைக் காளை அழகாயிருந்தது, அவ்வளவுதான்.
இறங்கி வந்து ஏழு வினா எழுதினேன்.
மூன்று தப்பு.

அட்டவணையை எறும்பு பாதி,
வெயில் பாதி தின்றுவிட்டது.
'காலை நாலரை' மட்டும் நிற்கிறது.
நான் ஐந்தரைக்கு எழுகிறேன்.
லாரிக்கு இரண்டாவது குடம் இப்போது என்னுடையது.
வரிசையில் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதைக்
கிரேஸி அக்கா வேறு மாதிரி நினைத்துக்கொண்டு
"யார்டி அவன்?" என்கிறாள்.
தனிம வரிசை அட்டவணை, அக்கா.

முதல் தேர்வுக் காலையில்
நோட்டைக் கடைசிவரை புரட்டினேன்.
கோடு விழாதவை பதினாலு.
அதில் பன்னிரண்டு என்னுடையவை,
அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.
தம்பி கட்டிலுக்கடியில்
என் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தான்.
அவன் வரிக்கு எதிரே
"ஏப்ரல் ஒன்னு. ஏமாத்தல, நெசமா"
என்று எழுதிவிட்டுச்
செருப்பை மாட்டினேன்.