ஏரிப் பார்வை

பகலில் பல் செய்கிறேன்.
மர்ஃபி டவுன் லேபில், மெழுகில்,
யாரோ முறுக்குக் கடிக்கப்போகும் கடைவாய்ப்பல்.
இரவில் அதே லெக்ரான் கத்தியால் வாத்து.

கட்டைவிரல் நுனி அளவு.
சன்னபட்ணத்துப் பொம்மைக்காரர்கள் கழித்த மரம்.
புள்ளிமூக்கனின் அலகு நுனியில் மஞ்சள்,
அதற்கு மட்டும் தனித் தூரிகை, நாலே மயிர்.
வயிற்றைக் குடைந்து ஓர் ஈயக்குண்டு வைத்தால்
வாஷ்பேசினில் தள்ளாடி, நிமிர்ந்து,
யாரோ பார்க்கிறார்கள் என்பதுபோல் நிற்கும்.

இன்னொரு பறவையை இழுக்க
வேடன் காட்டிவைக்கும் பறவைக்கு
பார்வை என்று பெயர்.
அகராதியில் கொஞ்சம் கீழே தேட வேண்டும்.
என் பார்வைகளுக்கு எதுவும் விழுந்ததில்லை.
இத்தனை சிறிசு
யாரை ஏமாற்றும்?

நாகானந்த் வந்தார்.
தணிசந்திரா பக்கம் பதினெட்டு மாடி கட்டுகிற கம்பெனி.
விற்பனை அறையில் அட்டை மாடிகள், பஞ்சு மரங்கள், ரெசினில் ஏரி.
"லேக் வியூ ஃப்ளாட் மேடம்,
லேக்ல ஏதாவது உயிர் வேணும்."
அளவுப்படி செய்தால் நெல்மணிதான் வரும் என்றேன்.
"கண்ணுக்குத் தெரியணுமே."
சரி, காரில் பாதி நீளத்துக்கு வாத்து.
மூன்று வருஷத்து நாற்பதும் டப்பாவில் தயாராக இருந்தன.

"ஈயம் எதுக்கு? ஒட்டத்தானே போறோம்.
தண்ணிக்குக் கீழ இருக்கறத அறுத்துடுங்க."

அறுத்தேன்.
நாற்பது வயிறு.
பல் அறுக்கிற ரம்பம், நல்ல ரம்பம்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு. எனக்கும் ஒரு ஜூஸ்.
வட்டிக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவனை
அவன் மனைவி முழங்கையால் இடித்தாள்:
"ஏங்க, வாத்து."
அரை மணியில் அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

என் பார்வைக்கு விழுந்த முதல் ஜோடி.
சந்தோஷமாகத்தான் இருந்தது,
பொய் சொல்வானேன்.
பின்பக்கத் தகரவேலிக்கு அப்பால் என்ன சத்தம் என்றேன்.
"அதுதான் ஏரி" என்றார் வாட்ச்மேன்.
"ஜேசிபி ஓடுது."

வயிறுகளை என்ன செய்வது?
அல்சூர் ஏரிக் கம்பியில் சாய்ந்து
ஒவ்வொன்றாகப் போட்டேன்.
பாதி வாத்து மிதப்பதில்லை. ஈயம் இழுத்துக்கொண்டது.

ஏழாவதோ எட்டாவதோ விழுந்தபோது
தூரத்தில் ஒரு நாமக்கோழி
வெள்ளை நெற்றியைத் திருப்பியது.
சற்று யோசித்தது.
தண்ணீரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு
நேராக என்னிடம் வந்தது.

கையை மூடிக்கொண்டேன்.