கொட்டாஞ்சேனை, இருபத்து மூன்றாம் வாரம்

நாரஹேன்பிட்டியில் இரண்டாம் மாடி.
குளிரூட்டி பழுது. யன்னலைத் திறந்தால்
நுளம்பு வரும் என்று
நுளம்பு ஆய்வுக்காரியே சொன்னாள்.
சிரிக்கலாமா என்று ஒருதரம் யோசித்தோம்.
அது எங்கள் முதலாவது கூட்டம்.

மாதிரி என்றால் தேவகௌரிக்கு
ஒரு கறுப்புக் குவளை, அடியில் கலங்கல் தண்ணீர்,
அதில் தலைகீழாய்த் தொங்கும் குடம்பிகள்.
மாதிரி என்றால் எனக்கு
நான்கு சமன்பாடு, ஒரு வளைகோடு.
டொக்டர் ஃபர்ஸானுக்கோ
"காய்ச்சல் மாதிரி இருக்கு டொக்டர்" என்று
வார்ட் வாசலில் தாய்மார் இழுக்கும் சொல்.
அந்த ஒரு சொல்லை மேசையில் வைத்து
ஒன்றரை மணிநேரம்
மூன்று பேரும் தலையாட்டினோம்,
முழுவதும் விளங்கியதாக.

"தரவில் இரைச்சல் கூட" என்றேன்.
"அது இரைச்சல் இல்லை, மழை" என்றாள்.

அடுத்த மாதம் அட்டவணை வந்தது.
பதினேழு இடம், ஐம்பத்திரண்டு வாரம்,
குவளைக்கு எத்தனை முட்டை என்ற கணக்கு.
கொட்டாஞ்சேனைக்கு நேரே, இருபத்து மூன்றில்
ஒரு கலம் காலி.
காலியைக் கண்டால் எனக்குக் கை ஊரும்.
முன்வாரம் முப்பத்தெட்டு, பின்வாரம் நாற்பத்து நாலு.
நாற்பத்தொன்று போட்டேன்.
வெள்ளவத்தைக் கடலோரத் தண்டவாளம் போல
கோடு நேராய் ஓடியது.
எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"கலம் என்பது உயிருள்ளதற்குப் பேர்,
நீர் பெட்டிக்கெல்லாம் சொல்லுறீர்"
என்று தேவகௌரி முணுமுணுத்ததை
நான் பகிடி என்று விட்டேன்.

குவளைகளைத் திருப்பித் தர அன்றைக்கு
மரியநேசன் வந்திருந்தார்.
தோளில் பை, 176 பஸ்ஸின் வியர்வை.
இரு என்றும் போ என்றும் ஒருவரும் சொல்லாததால்
கதவடியில் நின்று திரையைப் பார்த்தார்.
"சேர், அந்தக் கிழமை நான் எண்ணேல்லையே.
நாற்பத்தொன்றை ஆர் எண்ணினது?"

மின்விசிறி மட்டும் சுற்றியது.

"மகளை வார்ட்டிலை வைச்சிருந்தது.
பிளேட்லெட் பதினெட்டாயிரம் எண்டாங்கள்.
நான் அஞ்சு நாளும் வெளி விறாந்தையில."

ஃபர்ஸான் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தான்.
தேடினான். நிறுத்தினான்.
அவள் அவனுடைய பட்டியலில் இருந்தாள்:
பெண், பதின்மூன்று வயது,
கட்டில் பதினொன்று.
அவனுடைய அட்டவணையில் ஒன்று கூடியதும்
என்னுடையதில் ஒன்று காலியானதும்
ஒரே வீட்டில்.
இரண்டு வருஷமாய் ஒரே கட்டடத்தில்
இரண்டு கணினிகளில்
அந்தப் பிள்ளை தனித்தனியாய்க் கிடந்திருக்கிறாள்.

"இப்ப எப்படி?" என்று கேட்டது
யார் என்று ஞாபகமில்லை.
"நெட்போல் விளையாடுறாள், சேர். சொல்வழி கேக்கிறதில்லை."

நாற்பத்தொன்றை அழித்தேன்.
கோடு அந்த இடத்தில் அறுந்தது.
தேவகௌரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்,
மரியநேசன் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்,
அட்டவணையில் ஒரு நிரலைக் கூட்டினோம்:
ஏன் காலி.
வனாத்தமுல்லை, பன்னிரண்டு: வெள்ளம், குவளை போய்விட்டது.
கிருலப்பனை, முப்பது: நாய்.
கிராண்ட்பாஸ், இருபத்து நாலு:
அந்த வீட்டில் கதவு திறக்க ஆளில்லை,
எல்லாரும் காய்ச்சலில்.
ஃபர்ஸான் எழும்பிப் போய் வெள்ளைப்பலகையில்
அந்தத் திகதியை மட்டும் எழுதினான்.
பிளேன்ரீ ஆறியது.
யன்னலை யாரோ திறந்திருந்தார்கள்,
கடியோடு கடியாக இருட்டும்வரை இருந்தோம்.

நிதிக்கு விண்ணப்பித்தபோது படிவம் கேட்டது:
துறை — ஒன்றை மட்டும் தெரிவு செய்க.
பூச்சியியல் இருந்தது, மருத்துவம் இருந்தது,
கணினி விஞ்ஞானம் மூன்றாவதாய்.
கதவடியில் நிற்பதற்குத் தெரிவில்லை.
நால்வரும் ஆளையாள் பார்த்தோம்.
தொடாமல் விட்டு அடுத்த பக்கம் போக அழுத்தினேன்.
சிவப்பில் வந்தது:
இந்தக் கலம் காலியாக இருக்கக் கூடாது.

முதலில் சிரித்தவர் மரியநேசன்.